துண்டு சொன்ன வெங்காய விலை

கீழப்பாவூரில் டெல்லியோடு நேரடித் தொடர்பு வைத்திருந்த ஒரே மனிதர் டவர் அண்ணாச்சிதான். நாங்கள் சின்ன வெங்காயம் போடும் வயல்காட்டில் செல்போன் சிக்னல் கிடையாது. அண்ணாச்சி தினமும் காலையில் பம்புசெட் அறையின் கூரைமேல் ஏறுவார். அங்கே மட்டும் ஒன்றரைக் கோடு சிக்னல் வரும்.

டெல்லி சர்க்கார் விட்ட, விலை சொல்லும் ஆப்பைப் பார்த்துவிட்டு அவர் துண்டை ஆட்டினால் விலை ஏறுகிறது, விற்காதே. தலையில் கட்டினால் இறங்குகிறது, உடனே விற்றுவிடு. ஒருநாள் அவர் தலைப்பாகையைப் பார்த்து ஒருத்தர் அவசரமாக லாரி பேசிவிட்டார்.

"வெயிலுக்குக் கட்டினேம்லே" என்று அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார்.

அந்த வருஷம் நல்ல விளைச்சல். குச்சி நட்டு ஓலை வேய்ந்த பட்டறைகளில் வெங்காயத்தைக் குவித்து வைத்திருந்தோம். கப்பலுக்கு ஏற்றும் வியாபாரி வந்து கேட்டார். அண்ணாச்சி வயல் வயலாக ஓடிவந்தார்.

"இன்னும் ஏறும்னு காட்டுது. ஒரு வாரம் பொறுங்கலே."

பொறுத்தோம். அவரும் பொறுத்தார். அந்த வெள்ளாமை தவறினால் அவருடைய குத்தகை வயல் கையைவிட்டுப் போய்விடும்.

ஆறாம் நாள் கூரைமேல் ஏறியவர் துண்டை ஆட்டவுமில்லை, கட்டவுமில்லை. முகத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணாச்சி, ஏறுதா எறங்குதா?" என்று கீழேயிருந்து ஒருவர் கேட்டார்.

"ஏற்றுமதிய நிறுத்திட்டானாம்லே. கப்பல் போகாதாம்."

பட்டணத்தில் விலை ஏறக் கூடாதாம். ஆப்புக்கு விலை தெரிந்தது, டெல்லிக்காரன் மனசு தெரியவில்லை. வியாபாரி போனை எடுக்கவில்லை. மழை வேறு பிடித்துக்கொண்டது. வெங்காயம் முளைவிட்டு, பிறகு அழுகியது. அண்ணாச்சியை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. வயலை விட்டுக்கொடுத்துவிட்டு ஊரைவிட்டே போய்விட்டார்.

போன சீசனில் குற்றாலத்தில் பார்த்தேன். கார் நிறுத்துமிடத்தில் அதே துண்டை ஆட்டி வண்டிகளை உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். கிட்டே போனேன்.

"போன் எங்க அண்ணாச்சி?"

"அதைத் தூரப் போட்டாச்சு. எம் பேச்சக் கேட்டு ஊரே நாசமாப் போச்சு. ஒன் வெங்காயமும் போச்சாலே?"

"நான் தடை வர்றதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடியே கமுக்கமா வித்துட்டேன். ஒங்க துண்ட யாரு பாத்தா?"

அவர் முகம் தெளிந்ததைப் பார்க்க வேண்டுமே.

"சொன்ன பேச்சு கேக்காத பய. நீயாவது பொழச்சியே" என்று முதுகில் தட்டினார்.

என் பட்டறை வெங்காயம் முழுவதையும் வாய்க்கால் கரையில் கொட்டியது அண்ணாச்சிக்குத் தெரிய வேண்டாம். அவரிடம் இப்போது போனும் இல்லை, பத்திரிகை வாங்கும் பழக்கமும் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.