கோட்டு நானாவும் இரண்டு படங்களும்

மன்னார்த் தீவின் மத்தியான வெயிலுக்குக் கழுதைகூட நிழல் தேடி ஒதுங்கும். ஒதுங்காத ஒரே ஜீவன் கோட்டு நானா. அதுவும் சும்மா அல்ல. கறுப்புக் கம்பளிக் கோட்டை மாட்டி, மேல் பொத்தான் வரைக்கும் பூட்டி, கண்ணைச் சிமிட்டாமல் அந்த வெயிலில் அரை மணித்தியாலம் நிற்கக்கூடியவர். அப்படி இன்னொருவரை நான் கண்டதில்லை. காணவும் விருப்பமில்லை, எனக்கு ஒருவரே போதும்.

அவருடைய தொழில் சைக்கிள் திருத்துவது. உப்புக்குளத்துக்குப் போகிற கடைத்தெருவின் கடைசிக் கடை அவருடையது. சாதாரண நாட்களில் சாரமும் ஓட்டைப் பெனியனும்தான் அவருடைய உடுப்பு. கோட்டு வெளியே வருவது கமரா தென்படும்போது மட்டும். கமரா எங்கே வந்தாலும் அவருக்கு மணக்கும். அந்தக் காலத்தில் ஊரில் நடந்த எந்தக் கலியாண அல்பத்தைப் புரட்டினாலும் ஓரத்தில் ஒரு கறுப்புக் கோட்டு நிற்கும். மாப்பிள்ளை வீட்டார் அவரைப் பெண் வீட்டார் என்றும், பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டார் என்றும் நினைத்துச் சாப்பாடு போட்டு அனுப்புவார்கள். யானை போலப் பருத்த பழைய பெருக்கமரத்தைப் பார்க்க வந்த வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று மரத்தைப் படமெடுத்தது. மரத்தோடு நானாவும் விழுந்தார். மரத்தைவிட அவர் விறைப்பாக நின்றதாகக் கேள்வி.

கோட்டின் வரலாற்றை அவருடைய மனைவி சொல்லித்தான் கேட்க வேண்டும். முஸ்லிம் வீடுகளில் அண்ணன் நானா, அக்கா ராத்தா; நானும் அவரை ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். "ஊரை விட்டு வெளிக்கிடேக்க நான் சோத்துப் பானையத் தூக்கினன். பக்கத்து வீட்டு மனுசி தையல் மெசினைத் தூக்கினா. இவர் கலியாணக் கோட்டைத் தூக்கிக்கொண்டு வாறார். வழியில பசிச்சா அதைக் கடிச்சுத் திண்ணலாம் எண்டு நினைச்சாரோ தெரியாது." அதைக் கேட்டுக்கொண்டே நானா கோட்டின் தோள்பட்டையில் இல்லாத தூசியைத் தட்டுவார்.

முஸ்லிம்கள் எல்லோரையும் வடக்கை விட்டு வெளியேற்றியபோது போய், இருபது வருடம் புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டு, சண்டை ஓய்ந்த பிறகு திரும்பி வந்தவர்கள் இருவரும். நான் அப்போது பாப்பாமோட்டையில் இருந்து தினமும் பஸ் ஏறி வந்து மன்னாரில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வேலைக்குப் பெயர் பெரிது, சம்பளம் சிறிது. அந்த நிறுவனம் மீளக்குடியேறிய வியாபாரிகளுக்காக ஒரு திட்டம் கொண்டுவந்தது. கடையின் முகப்பைத் திருத்தலாம். செலவில் பாதி நிறுவனம் தரும், பாதி கடைக்காரர் போடவேண்டும். கையில் காசில்லாதவர் உழைப்பாகவோ பொருளாகவோ தன் பாதியைக் கொடுக்கலாம். ஒரே நிபந்தனை, செய்வதெல்லாம் சூழலுக்கு ஏற்றதாக இருக்கவேண்டும்: தென்னோலைக் கிடுகு நிழல், மழைத்தண்ணி பிடிக்கப் பீலி, சூரிய விளக்கு, செடி கொடி. கடை எவ்வளவு பழுதாக இருக்கிறதோ அவ்வளவுக்கு முன்னுரிமை.

பழுது என்று பார்த்தால் நானாவின் கடையை அடிக்க ஆளில்லை. நான்கு பனங்கம்பு, மேலே முகாமிலிருந்து கொண்டுவந்த நீலத் தறப்பாள். தறப்பாளில் துணியைவிட ஓட்டை அதிகம். வெயிலில் ரியூப்பெல்லாம் இளகும், ஒட்டுப் போடும் பசை குப்பிக்குள்ளேயே காயும். காற்றடிக்க வந்தவர்கள் நிற்க நிழலில்லாமல் பஸ் நிலையத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். ராத்தா தவணை போட்டுவிட்டார். "மடு மாதா திருவிழாவுக்கு முதல் இந்தக் கடைக்கு ஒரு நிழல் வரோணும். வராட்டி நான் புத்தளத்தில மகளிட்டப் போறன். நீங்கள் கோட்டோட இருங்கோ." ராத்தா பகிடிக்குச் சொல்பவர் அல்ல. நானாவுக்கும் அது தெரியும்.

விண்ணப்பத்தோடு கடையின் இப்போதைய நிலையைக் காட்டும் படம் ஒன்று வைக்கவேண்டும். அதற்கு எங்கள் கந்தோரில் 'முன் படம்' என்று பெயர். வேலை முடிந்த பிறகு எடுப்பது 'பின் படம்'. நான் செய்த முட்டாள்தனம், நானாவுக்கு நாள் குறித்துச் சொன்னதுதான். "செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குப் படம் எடுக்க வாறன் நானா."

செவ்வாய்க்கிழமை போனால் கடையைக் காணவில்லை. கடை இருந்த இடத்தில் ஒரு கலியாண வீடு நின்றது. தறப்பாளை மறைத்து ராத்தாவின் ரோஸ் நிறச் சேலை தொங்கியது. பக்கத்துச் சலூன் அருளப்பு அண்ணையின் ஆளுயரக் கண்ணாடியும் சுழல் கதிரையும் வந்திருந்தன. கன்னியாஸ்திரிமார் மடத்துக் குரோட்டன் சாடிகள் பன்னிரண்டு வரிசையில் நின்றன. ஊரிலுள்ள புதுச் சைக்கிள்களை எல்லாம் இரவல் வாங்கி அடுக்கியிருந்தார். நடுவில் நானா கோட்டோடு நின்றார், நெற்றியால் வேர்வை ஓடியது.

"என்ன நானா இது?"

"வீட்டுக்கு ஆக்கள் வந்தாக் கூட்டித் துடைச்சுப்போட்டுத்தானே தம்பி உள்ளுக்க கூப்பிடுறது? எடுங்கோ. வெயிலுக்கு முகம் கறுக்கப்போகுது."

"கடை பழுதாய்க் கிடக்கிறதைத்தான் நானா எடுக்கோணும்."

"பழுதை ஏன் படம் எடுக்கிறியள்? அதைத்தான் எல்லாரும் நேர பார்க்கினமே."

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோலத்தையே படம் எடுத்துக்கொண்டு போனேன். கொழும்பில் இருந்து வந்திருந்த எங்கள் பணிப்பாளர் மிஸ் அதை நிமிர்த்திப் பார்த்தார், சரித்துப் பார்த்தார். "இது பின் படம். வேலை முடிஞ்ச கடைக்கு எதுக்குக் காசு?" என்று கேட்டு, விண்ணப்பத்தை ஒதுக்கிவைத்துவிட்டார். முடிவுத் திகதிக்குள் சரியான படம் வந்தால் பார்க்கலாம் என்றார். பத்து நாள் இருந்தது.

அடுத்த முறை சொல்லாமல் போனேன். ஆனால் அந்தத் தெருவில் சொல்லாமல் போக முடியாது. முனையில் இளநீர் வெட்டுகிறவர் என் கமராப் பையைக் கண்டதும் விசிலடித்தார். அந்த விசில் கடைக்குக் கடை தாண்டிப் போனது. நான் போய்ச் சேர்வதற்குள் சேலை ஏறிவிட்டது, சுழல் கதிரை வந்துவிட்டது, கோட்டுக்குக் கடைசிப் பொத்தான் பூட்டுப்பட்டுக்கொண்டிருந்தது. கதிரையில் பாதி முகம் மழித்த ஒருவர் அப்படியே இருந்தார். அவரை இறக்க நேரம் கிடைக்கவில்லையாம்.

பிறகு நான் தந்திரத்தில் இறங்கினேன். காலையிலேயே சலூனுக்குள் புகுந்து, முகத்தில் துவாயைப் போட்டுக்கொண்டு வாடிக்கையாளர் மாதிரி இருந்தேன். நானா பெனியனோடு குந்தியிருந்து ஒரு சில்லை நிமிர்த்திக்கொண்டிருந்தார். மேலே தறப்பாள் கந்தலாய் ஆடியது. இதைவிட நல்ல முன் படம் கிடைக்காது. துவாய்க்குள்ளால் கமராவை மெல்ல நீட்டினேன்.

நானா நிமிர்ந்து பார்த்தார். எழும்பி ஓடவில்லை. கோட்டைத் தேடவும் இல்லை. கையிலிருந்த எண்ணெயைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றார்.

"புத்தளத்தில முகாமில இருக்கேக்க எத்தினை பேர் வந்து என்னைப் படம் எடுத்தவை தெரியுமோ தம்பி? கோட்டைப் போட்டுக்கொண்டு போனாக் கழட்டிப்போட்டு வரச் சொல்லுவினம். சிரிச்சாச் சிரிக்க வேண்டாம் எண்டுவினம். ஒருத்தர் நான் தலை சீவி இழுத்திருந்ததைப் பார்த்திட்டுக் கையாலேயே கலைச்சு விட்டவர். இருபது வருஷம். எல்லாம் நீங்கள் சொல்லுற முன் படம்தான். பின் படம் எடுக்க இண்டைக்கு வரைக்கும் ஒருத்தரும் வரேல்ல."

நான் கமராவை இறக்கிவிட்டேன். என்னை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது. அருளப்பு அண்ணை கத்திரிக்கோலை வைத்துவிட்டு வெளியே போனார்.

"எடுக்கேல்ல நானா. நீங்கள் கோட்டோடயே நில்லுங்கோ" என்றேன்.

"கோட்டோட நிண்டாக் காசு வராது."

"வராட்டிப் போகட்டும்."

"அப்ப உங்கட ராத்தா போயிடுவா" என்றார் அவர். துவாயைக் கதிரையில் போட்டுவிட்டு வெளியேறினேன்.

முடிவுத் திகதிக்கு முதல் நாள் கடைசியாக ஒரு முறை போனேன். வழக்கம்போல விசில், சேலை, சாடிகள், கோட்டு. எடுத்துக் கொடுப்போம், வருவது வரட்டும் என்று கமராவைக் கண்ணில் வைத்தேன். "அசையாதேங்கோ நானா."

அசையாதே என்று சொன்னால் நானா மூச்சும் விடமாட்டார். அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் இருந்து ஐந்து கழுதைகள் வந்தன. மன்னார்க் கழுதைகள் எப்போதும் யோசனையோடு நடப்பவை. அன்றைக்கு ஒரு நோக்கத்தோடு வந்தன. முதலாவது குரோட்டன் சாடியில் வாயை வைத்தது. இரண்டாவது புதுச் சைக்கிள்களுக்கு நடுவே புகுந்தது, சைக்கிள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன. மூன்றாவது சேலைத் தலைப்பைக் கவ்வி இழுத்தது. ஒரு பனங்கம்பு பெயர்ந்தது. தறப்பாள் கிழிந்து பாதி முகப்போடு கீழே வந்தது. சுழல் கதிரை தன்பாட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது.

நானா அசையவில்லை. முதுகுக்குப் பின்னால் உலகம் இடிந்துகொண்டிருக்க, மேல் பொத்தான் பூட்டியபடி கமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நின்றார். நான் கமராவின் பொத்தானை அமத்தினேன்.

அந்தப் படத்தைப் போல ஒரு முன் படம் எங்கள் நிறுவனத்தின் வரலாற்றிலேயே இல்லை. இடிந்த கடை, கிழிந்த தறப்பாள், ரோஸ் சேலை உடுத்த கழுதை. முன்னால் ஒரு கனவான். கமராவின் சின்னத் திரையில் அவருக்குக் காட்டினேன். கடையை அவர் பார்க்கவே இல்லை. "கோட்டு வடிவா விழுந்திருக்கு. அனுப்புங்கோ" என்றார்.

கழுதைகள் எப்படி அந்த நேரத்துக்குச் சரியாக வந்தன என்று யாரும் கேட்கவில்லை. ராத்தா சாடிகளுக்குப் பின்னால் நின்றார். அவருடைய கையில் ஒரு கூடை வாழைப்பழத் தோல் இருந்தது. என்னைக் கண்டதும் கூடையை முந்தானையால் மூடினார். நானும் பார்க்காத மாதிரி வந்துவிட்டேன்.

மிஸ் அந்தப் படத்தைப் பார்த்துக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, கையெழுத்துப் போட்டார்.

தன் பாதியை நானா உழைப்பாகவும் பொருளாகவும் கொடுத்தார். பழைய சைக்கிள் மட்காட்டுகளை ஒன்றோடொன்று கோத்துப் பீலி செய்தார். கழித்த ரயர்களில் மண் நிரப்பி, மடத்துக்குத் திருப்பிக் கொடுக்கமுடியாமல் போன குரோட்டன்களை நட்டார். கழுதை எட்டாத உயரத்தில். சில்லு வளையங்களை நிரையாகக் கட்டி முல்லைக் கொடி படரவிட்டார். மேலே புதுக் கிடுகு. முதல் மழைக்கு மட்காட்டுப் பீலி தண்ணீரை நேரே சலூனுக்குள் ஊற்றியது. அருளப்பு அண்ணை இரண்டு நாள் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் அவரும் அந்த நிழலில் வந்து இருந்துகொண்டார்.

மடுத் திருவிழாவுக்கு இரண்டு கிழமைக்கு முன்னர், நாள் குறித்து நேரம் குறித்து, முறையாகச் சொல்லி அனுப்பிவிட்டுப் பின் படம் எடுக்கப் போனேன். இளநீர்க்காரர் விசிலடித்தார். ஒன்றும் நடக்கவில்லை. நிழல் நிறையச் சைக்கிள்கள், சைக்கிள்களைச் சுற்றி ஆட்கள், எல்லோருக்கும் நடுவில் ஓட்டைப் பெனியனோடு நானா. ராத்தா சாய்மனைக் கதிரை ஒன்றில் அமர்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"நானா, படம். கோட்டு எங்க?"

"பெட்டிக்க கிடக்கு. ஒரு நிமிசம் பொறுங்கோ தம்பி, இந்தச் சில்லைப் பூட்டிப்போட்டு வாறன். ஆக்கள் மடுவுக்குப் போக நிக்கினம்."

ஒரு நிமிடம் பொறுத்தேன். அரை மணித்தியாலம் பொறுத்தேன். இடையில் ராத்தா எனக்குத் தேத்தண்ணி தந்தார். நானா நிமிரவே இல்லை. கடைசியில் அப்படியே எடுத்துக்கொண்டு வந்தேன்.

மிஸ் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ஆளை மாத்தி ஒட்டிட்டீங்களோ?" என்று கேட்டார். இல்லை மிஸ், சரியாகத்தான் இருக்கிறது என்றேன்.

அந்த வேலையை விட்டு எத்தனையோ வருடமாகிவிட்டது. முன் படத்தைப் பார்த்து இன்றைக்கும் ஊர் சிரிக்கிறது. என் மேசையில் நான் வைத்திருப்பது மற்றப் படத்தை. அதில் நானாவின் முகம் தெரியாது. குனிந்த முதுகும் பெனியனில் ஏழு ஓட்டையும் மட்டும்தான் தெரியும். எண்ணிப் பார்த்திருக்கிறேன்.