காற்றெடுக்கும் குலசிங்கத்தார்

ரொறன்ரோவில் முதற்பனி விழுந்ததும் வெளிக்கிளம்பும் ஓர் இனத்தை உங்களுக்கு அறிமுகம் செய்கிறேன்: ரேடியேற்றர் வைத்தியர். சுடுதண்ணீர் ஓடி வீட்டைச் சூடாக்கும் அந்த இரும்புப் பெட்டிதான் இவருடைய நோயாளி. எந்த வீட்டுக்குப் போனாலும் இவர் வீட்டுக்காரரைச் சுகம் விசாரிப்பதில்லை. நேரே சுவரோரம் போய், ரேடியேற்றரைத் தொட்டுப் பார்த்து, தட்டிப் பார்த்து, காதை வைத்துக் கேட்டு, நோயாளியைக் கைவிட்ட டாக்குத்தர் போலத் தலையசைத்து, "உள்ளுக்குக் காத்து நிக்குது" என்பார். நிற்பது உண்மைதான், நின்றால் சூடு ஏறாதென்பதும் உண்மைதான். ஆனால் இவரை யார் கேட்டது?

எங்கள் பகுதியில் இவர் பெயர் குலசிங்கம். எண்பத்தாறாம் ஆண்டுத் தை மாதம், வெக்ஸ்போர்ட்டில் கனகாம்பிகையின் மகளைப் பொம்பிளை பார்க்க விட்பியிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். ரேடியேற்றர் கீழே சுட்டது, மேலே குளிர்ந்தது, அறை நடுங்கியது. மாப்பிள்ளையின் தாய் மனோரஞ்சிதம் கோட்டைக் கழற்றவேயில்லை. கனகாம்பிகை அந்தக் கோட்டையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். கோட்டோடு இருக்கிறவர் எந்த நேரமும் எழும்பிப் போய்விடலாம் அல்லவா?

விருந்தாளியாய் வந்திருந்த குலசிங்கத்தார் சட்டைப்பையிலிருந்து, ரேடியேற்றரின் காற்றுத் திருகாணியைத் திறக்கும் ஒரு சின்னச் சாவியை எடுத்தார்.

"அண்ணை, தண்ணிப் பம்பை நிப்பாட்டிப்போட்டு, கீழ ஒரு கோப்பை பிடிக்கவேணுமெல்லே?" என்றார் கனகாம்பிகை.

"தங்கச்சி, உது எனக்குப் பழகின வேலை. நீங்கள் தேத்தண்ணியைப் பாருங்கோ."

கால் சுற்றுத் திருப்பினால் போதும். கால் சுற்றோடு நிற்கிற ஆளா அவர்? ஒரு சுற்றில் காற்று சீறியது, "கேட்டியளே!" என்று சபையைத் திரும்பிப் பார்த்தார், இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினார், திருகாணி தெறித்தது, கறுத்த தண்ணீர் பீறிட்டது, வடைத் தட்டைத் தாண்டிப் பாய்ந்து மனோரஞ்சிதத்தின் கோட்டைக் கழுத்திலிருந்து முழங்கால்வரை நனைத்தது.

"பயப்பிடாதேங்கோ, கெட்ட தண்ணிதான் போகுது!" என்றார் வைத்தியர்.

கனகாம்பிகை துவாயால் பொத்திப் பிடித்து, திருகாணியைத் தேடிப் பொருத்தி, சாவியைப் பறித்து இறுக்கினார். பொம்பிளையோ அடக்கமாட்டாமல் விழுந்து விழுந்து சிரித்தாள்.

கொஞ்ச நேரத்தில் அறை சூடேறியது. மனோரஞ்சிதம் கோட்டைக் கழற்றினார். அது காயும்வரை மூன்று மணித்தியாலம் வேறு வழியின்றி இருந்தார், கதைத்தார், சாப்பிட்டார். போகும்போது, "பிள்ளை வாய்விட்டுச் சிரிக்குது. எங்கட வீட்டில ஒருத்தரும் சிரிக்கிறேல்லை. எங்களுக்குச் சம்மதம்" என்றார்.

இப்போது குலசிங்கத்தார் றிச்மண்ட் ஹில் கோயிலில் காண்பவரிடமெல்லாம் "அது நான் செய்துவைச்ச கலியாணம்" என்கிறார்.

சிரிக்கிறீர்களா? நல்லது. போன கிழமை பக்கத்து வீட்டுக்காரரின் கார் ஸ்ராட் ஆகாமல் நின்றபோது, ஓடிப்போய்ப் பொனற்றைத் திறந்து, உள்ளே இருப்பதில் ஒன்றின் பெயரும் தெரியாமல், "உது பற்றறிதான்" என்றது யார்?