ஒன்றரை நிமிடத் தனிமை

மனிதன் யாரென்று அறிந்துகொள்ள ஞானிகளுக்கு ஒரு பிறவி போதவில்லை. அரசாங்கத்துக்கு அரை மணி நேரமும் நாற்பது கேள்விகளும் போதும். இந்த மாபெரும் உண்மை 1974 மார்ச் மாதம் தூத்துக்குடிக் கடற்கரையில் நிரூபணமாயிற்று.

சங்கு குளிக்கும் ரோச்சுக்கு அதுவரை தான் யாரென்று தெரியாது. ரோச் என்றே நினைத்துக்கொண்டிருந்தான், பாவம்.

‘கடலோரத் தொழிலாளர் மனப்பாங்குப் பிரிவு’ என்ற புத்தம்புதிய இலாகாவின் உதவி இயக்குநர் திரு. ராஜதுரை, டெல்லியில் பதினைந்து நாள் பயிற்சி முடித்துக் கோப்பும் குடையுமாக வந்து இறங்கினார். உலகில் இரண்டே வகை மனிதர்கள்தான் என்றார். தமக்குள்ளேயே வாழ்பவர் ‘அகமுகர்’. நாலு பேரோடு கலந்து வாழ்பவர் ‘புறமுகர்’. இந்தக் கரைக்காரர்கள் தாம் எந்த வகை என்று தெரியாமலேயே இத்தனை காலம் கடலில் குதித்திருக்கிறார்களே என்று உள்ளபடியே வருந்தினார்.

ரோச்சின் முறை வந்தது. கூட்டம் பிடிக்குமா, தனிமை பிடிக்குமா என்று கேட்டார்.

“மேல இருந்தா கூட்டம், கீழ போனா தனிம. ரெண்டும் நல்லாத்தான் இருக்கு சார்.”

படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லை. சரி, எவ்வளவு நேரம் தனியாக இருக்க முடியும்?

ரோச் நேர்மையானவன். “ஒன்றர நிமிசம் சார். அதுக்கு மேல மூச்சு முட்டும்.”

ராஜதுரையின் பேனா துள்ளியது. ‘ஒன்றரை நிமிடத்துக்கு மேல் தனிமையைத் தாங்க இயலாதவர். முற்றிய புறமுகர்.’

அடுத்து கிளாட்வின். ரோச்சின் மனைவி ஹில்டாவுக்கு அண்ணன். அந்தக் கரையில் குளிப்பவனின் இடுப்புக் கயிற்றை மேலிருந்து பிடிப்பவன் மச்சான்தான். தங்கை விதவையாவதை எந்த அண்ணனும் வேடிக்கை பார்க்கமாட்டான் என்பது இவர்களுடைய பாமர ‘மனோதத்துவம்’. கிளாட்வின் வாயாடி. வாய் ஊரெல்லாம் சுற்றும், உள்ளங்கை மட்டும் கயிற்றை விட்டு நகராது. ஆனால் உள்ளங்கைக்குப் படிவம் இல்லாததால் அவனும் புறமுகராகிப்போனான்.

இரண்டு புறமுகர் ஒரே கயிற்றிலா? ஆபத்தல்லவா! ரோச்சின் கயிறு, சங்குக் கிடங்குக் காவலாளி ஜெயசிங்கிடம் ஒப்படைக்கப்பட்டது. நாற்பதுக்கு நாற்பது வாங்கிய அகமுகர் அவர். அவர் பேசிக் கேட்டவர் ஊரில் கிடையாது. கிளாட்வினை அதே வள்ளத்தின் மறுகோடியில், ஹென்றி என்பவனின் கயிற்றுக்கு மாற்றினார்கள்.

திங்கட்கிழமை எட்டுப் பாகம், அதாவது ஏறத்தாழ ஐம்பதடி, ஆழத்தில் ரோச்சுக்குக் காலில் நரம்பு பிடித்துக்கொண்டது. கயிற்றைச் சுண்டினான். பதில் இல்லை. மறுபடி சுண்டினான். நெஞ்சு வெடிக்கப் பார்த்தது. இருபது வருஷத்தில் முதல் தடவையாகக் கடலுக்குப் பயந்தான். ஹில்டாவை நினைத்தான், மாதாவைக் கூப்பிட்டான். மேலே ஜெயசிங் தமக்குள் வெகு ஆழத்தில் இருந்தார்.

ஹென்றி மேலே வந்து இளைப்பாற, அவனுக்குக் கல்யாணக் கதை ஒன்று சொல்லிக்கொண்டிருந்த கிளாட்வின், ரோச்சின் கயிறு துள்ளுவதைக் கண்டு பாதியில் நிறுத்தினான். பாய்ந்து வந்து ஜெயசிங்கைத் தள்ளிவிட்டுக் கயிற்றை வாரி இழுத்தான். மூக்கில் ரத்தத்தோடு ரோச் வந்து விழுந்தான்.

“என்னலே செஞ்சிட்டிருந்த?” என்று கிளாட்வின் உலுக்கினான்.

“யோசிச்சிட்டிருந்தேன்” என்றார் ஜெயசிங்.

மறுநாள் ஹில்டா அலுவலகத்துக்குப் போனாள். அழவில்லை, சத்தம் போடவில்லை.

“நாப்பது கேள்வி கேட்டியளே சார், ஒம் மச்சான் யாருன்னு ஒரு கேள்வி கேட்டியளா?”

ராஜதுரை படிவத்தை முழுதாகப் புரட்டிப் பார்த்தார். அந்தக் கேள்வி இல்லைதான். அடுத்த ஆலோசனைக் கூட்டத்தில் பரிசீலிப்பதாக வாக்களித்தார்.

ரோச் மூன்று நாள் வாய் திறக்கவில்லை. சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தான். நலம் விசாரிக்க வந்த ராஜதுரை வாசலிலேயே நின்று பார்த்தார், மெய்சிலிர்த்தார், திரும்பிப் போய் மேலிடத்துக்கு எழுதினார். முற்றிய புறமுகர் ஒருவர் எட்டே பாகம் ஆழத்தில் அகமுகராக மாறிவிட்டார். திட்டம் மகத்தான வெற்றி. ராஜதுரைக்குப் பதவி உயர்வு வந்தது.

கூடவே கிளாட்வினுக்கும் ஒரு தபால் வந்தது. ஹில்டாதான் படித்துக் காட்டினாள்:

‘மேற்படி ரோச் என்பவரின் மாற்றம் நிரந்தரமாவதற்கு இன்னும் அரை நிமிடமே இருந்த நிலையில், தாங்கள் முன் அனுமதியின்றிக் கயிற்றை இழுத்தது ஏன் என்பதற்கு ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்.’