நாற்காலியின் கோட்டு

"தோன் எலிகியோ, இன்னும் பலமாத் தட்டுங்க," என்றான் கிளையின் இளம் தலைவன் ஃபப்ரீசியோ, 'தோன்' என்கிற மரியாதையை மட்டும் விடாமல்.

அசுன்சியோன் நகரில் தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி விற்கிற அந்தக் கம்பெனியில், விடிந்ததும் எல்லோரும் நின்றபடி தங்களுக்கே கை தட்டிக்கொள்ள வேண்டும். இன்னும் ஒரு கருவிகூட விற்கவில்லையே, எதற்குக் கைதட்டல் என்பது எலிகியோவுக்கு விளங்கியதே இல்லை.

அவர் பாதி ஆயுளை அரசாங்க நிலப்பதிவு அலுவலகத்தில் கழித்தவர். அங்கே முதல் வேலை, கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டுவது. அந்த ஊர் வெயிலில் கோட்டு உடம்புக்கானதல்ல, நாற்காலிக்கானது. கோட்டு இருந்தால் ஆள் இருக்கிறார் என்று கணக்கு. பிறகு வட்டமாக உட்கார்ந்து, ஒரே குவளையைச் சுற்றவிட்டு, டெரெரே என்கிற, மூலிகை போட்ட ஐஸ் தேநீர் குடிப்பார்கள். ஐஸ் தீர்ந்த பிறகு வேலை மெல்லத் தலைகாட்டும்.

மனைவி ஸுனில்தாவுக்கு அது பொறுக்கவில்லை. "தங்கச்சி புருஷன் தனியார்ல சேந்து கார் வாங்கிட்டான். நீங்க அங்கயே வேர் விட்டுட்டீங்க," என்று நச்சரித்தே கிளப்பிவிட்டாள். ராஜினாமா கொடுக்கப் போனபோது, நிர்வாகப் பிரிவு ரூபேனின் கோட்டு மட்டும்தான் இருந்தது. கடிதத்தை மேஜையில் வைத்த எலிகியோ, அழுதுவிடுவோமோ என்ற பயத்தில் தன் கோட்டைக்கூட எடுக்காமல் ஓடிவந்துவிட்டார். இப்போது கம்பெனி ஏசியில் பல் தந்தியடித்தது.

தானாக விலகினால் ஸுனில்தா வீட்டுக்குள் விடமாட்டாள். கம்பெனியே துரத்திவிட்டால் விதி என்று சொல்லிக்கொள்ளலாம். பழைய அலுவலகத்தில் கற்ற வித்தையெல்லாம் இறக்குவதென்று முடிவு செய்தார்.

கருவி வாங்க ஓட்டல்காரர் ஒருவர் வந்தார். எலிகியோ தலை நிமிராமல், "நாளைக்கு வாங்க," என்றார்.

மறுநாள் ஃபப்ரீசியோ ஓடிவந்து கட்டிக்கொண்டான். "என்ன மாயம் பண்ணீங்க? இவ்ளோ கிராக்கியான்னு மிரண்டுபோய், எல்லா மாடிக்கும் சேத்து வாங்கிட்டாரு."

மேற்பார்வையாளர் பதவி வந்தது. வீடு திரும்ப இருட்டிவிட்டது.

அடுத்து, யார் எதைக் கேட்டாலும், "அது என் பிரிவு இல்ல," என்றார். வேறு வழியில்லாமல் ஊழியர்களே முடிவெடுக்கப் பழகினார்கள். விற்பனை ஏறியது.

"எல்லாரையும் சொந்தக் கால்ல நிக்க வச்சிட்டீங்களே," என்று உருகிய ஃபப்ரீசியோ அவரை மேலாளராக்கி, ஞாயிற்றுக்கிழமையும் அலறுகிற போன் ஒன்றைக் கையில் திணித்தான்.

சம்பளம் வந்து விழுகிற பழைய பேங்க் அட்டை ஸுனில்தாவின் கைப்பையில் இருந்தது. "தனியார்ல இவ்ளோவா குடுப்பாங்க?" என்று அவளே மலைத்துப்போனாள். எலிகியோவுக்கு டெரெரே வட்டம் கனவில் வந்தது.

கடைசி அஸ்திரமாக, தலைமையகத்துப் பெரியவர்கள் வந்த கூட்டத்தில் குறட்டை விட்டுத் தூங்கினார்.

"நாங்க வந்தா எல்லாரும் நடுங்குவாங்க. இவரு ஒருத்தர்தான் பதறல," என்றார் பெரியவர்களில் ஒருவர். "நாடு முழுக்க இவரே பாத்துக்கட்டும்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாயிற்று. அதற்குமேல் எலிகியோவுக்குத் தாங்கவில்லை. கோட்டை எடுக்கிற சாக்கில் பழைய அலுவலகத்துக்குப் போனார். டைரக்டர் காலில் விழுந்து வாசல் காவலாவது கேட்டு வாங்கிவிட வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே நடந்தார்.

மதியத் தூக்க நேரம். கூட்டிப் பெருக்குகிற போர்ஃபிரியா அம்மா மட்டும் இருந்தாள். அவருடைய நாற்காலியில் அவருடைய கோட்டு அப்படியே தொங்கியது. பார்த்ததும் கண் கலங்கியது.

"என்ன தோன் எலிகியோ, ஐஸ் வாங்கப் போனீங்களா?" என்றாள்.

"நான் வேலைய விட்டுப் போயி எவ்ளோ நாளாச்சு. ரூபேன் மேஜையில கடிதம் வச்சேனே."

"அவரு காலையில கோட்ட மாட்டிட்டுப் போறாரு, சாயங்காலம் வந்து எடுத்துக்கறாரு. மேஜைய எங்க பாக்குறாரு? நான்தான் அந்தக் கடிதத்தத் தினம் தூசி தட்டி வைக்கிறேன்."

எலிகியோ புரியாமல் கோட்டை எடுக்கக் கை நீட்டினார். அவள் பதறிக் குறுக்கே வந்து நின்றாள்.

"அதத் தொட்டுடாதீங்க. மத்தவங்க கோட்டெல்லாம் சாயங்காலம் கெளம்பிடுது, நீங்க மட்டுந்தான் ராப்பகலா வேலை பாக்குறீங்கன்னு, நாளைக்கு டைரக்டர் உங்களுக்குத்தான் மெடல் குத்தப்போறாரு."