பெட்ரோல் பங்க் திருப்பத்தில் சொன்னது

விடியற்காலையில் ஓடுகிறவர்கள் எல்லோரும் ஒரே இனம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? மருத்துவர் மிரட்டியதால் ஓடுகிறவர் உண்டு. வாங்கிய ஷூ வீணாகக்கூடாதே என்று ஓடுகிறவர் உண்டு. அவர்களை விட்டுவிடுவோம், கொஞ்ச நாளில் தாமாகவே போர்வைக்குள் திரும்பிவிடுவார்கள். நான் காட்ட விரும்புவது மழையானாலும் பனியானாலும் விடாமல் ஓடுகிற ஒருவரை. அவர் ஓடுவது உடம்புக்காக என்று வீட்டில் எல்லோரும் நம்புகிறார்கள். அவரும் நம்புகிறார்.

"ஓடும்போது என்ன சார் நினைப்பீங்க?" என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். கண்ணை லேசாக மூடிக்கொள்வார்.

"ஒண்ணுமே நினைக்க மாட்டேன். மனசு அப்படியே காலியாயிடும்."

நம்பாதீர்கள். அந்த மனசில் எள் போட்டால் எள் விழாது. உட்கார இடமில்லாமல் மேனேஜரும் மச்சானும் மாடிவீட்டுக்காரரும் நின்றுகொண்டிருக்கிறார்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டு அனுப்பிக்கொண்டிருக்கிறார் மனிதர்.

தெருமுனை வரை உடம்பு சூடாக வேண்டும் என்பதால் அங்கே சில்லறை எதிரிகள்தான். காரைக் குறுக்கே நிறுத்தும் மாடிவீட்டுக்காரர் அங்கேயே முடிந்துபோவார். பூங்கா வேலி வந்ததும் மேனேஜர். வெள்ளிக்கிழமை சாயங்காலம், பையை மாட்டிக்கொண்டு எழுந்த பிறகு, மேசையில் ஒரு ஃபைலை வைத்து "இதை மட்டும் ஒரு பார்வை பாத்துடுங்க" என்ற அதே மேனேஜரை வேலியின் முதல் கம்பியில் பிடித்து, "சார், எனக்கும் குடும்பம்னு ஒண்ணு இருக்கு" என்று ஆரம்பித்து, அந்தக் காப்பீட்டு அலுவலகத்தில் தாம் தேய்ந்த தேய்மானத்தையெல்லாம் ஒன்றுவிடாமல் எடுத்து வைத்து, வேலி முடிகிற இடத்தில் அவர் வாயாலேயே "மன்னிச்சுடுங்க" என்று சொல்லவும் வைத்துவிடுவார். மேனேஜர் அந்நேரம் வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்.

எதிரே வருகிறவர்களுக்கு இவர் உதடு அசைவது தெரியும், ஆள்காட்டி விரல் காற்றை எச்சரிப்பதும் தெரியும். பால் வண்டிக்காரர் ஒருமுறை தம்மைத்தான் அதட்டுகிறார் என்று எண்ணி வண்டியை ஓரம் கட்டியிருக்கிறார். ஓட்டத்தின் நடுவில் நெஞ்சுத் துடிப்பு எகிறியதைக் கைக்கடிகாரம் காட்டிக்கொடுக்கும். "அந்த இடம் கொஞ்சம் மேடு" என்பார் நண்பர்களிடம். அங்கே மேடும் கிடையாது, பள்ளமும் கிடையாது. மச்சான்தான்.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்கிறீர்களா? மனசுக்குள் பேசிக்கொள்ளாத மனிதர் யார்? ஆனால் இவரிடம் ஒரு கோளாறு இருக்கிறது. வேர்க்க விறுவிறுக்கச் சொன்னதால், நிஜமாகவே சொல்லிவிட்டதாக நினைத்துக்கொள்வார். அலுவலகத்தில் மேனேஜர் சிரித்த முகத்தோடு இன்னொரு ஃபைலை நீட்டுவார். "சரி சார், பண்ணிடறேன் சார்." வாங்கிக்கொண்டு இருக்கைக்கு வந்ததும் பக்கத்து மேசைக்காரரிடம் பொருமுவார்.

"எவ்வளவு சொன்னாலும் இந்த மனுஷனுக்கு உறைக்கவே மாட்டேங்குது."

அலுவலகத்தோடு போனால் பரவாயில்லை. வீட்டுக்கும் வந்தது.

அவர் மனைவிக்கு ஒரு மருத்துவமனையின் மருந்தகத்தில் வேலை. டாக்டர்களின் கோழிக் கிறுக்கலைப் படித்துப் படித்து மாத்திரை எடுத்துக் கொடுத்தே வருடங்கள் ஓடியிருந்தன. திடீரென்று, வெளியூர்க் கிளையின் மருந்தகத்தையே பொறுப்பேற்று நடத்தக் கூப்பிட்டார்கள். இரண்டு வருடம் அங்கேயே தங்க வேண்டும். மகள் படிப்புக்காக இவரோடு இருக்க வேண்டும். மனைவிக்கு அந்த வேலைமேல் எவ்வளவு ஆசை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டார்.

"என்னங்க, போகட்டுமா? பாப்பாவை உங்களால பாத்துக்க முடியுமா?"

"யோசிச்சுச் சொல்றேன்."

துணி மடிக்கும்போது கேட்டார். யோசிச்சுச் சொல்றேன். விளக்கை அணைக்கும்போது கேட்டார். யோசிச்சுச் சொல்றேன். கடைசியில் மனைவியே ஒரு கெடு வைத்தார்.

"நாளைக்குக் காலையில அவங்களுக்குப் பதில் சொல்லணும். நீங்க ஒண்ணும் சொல்லலைன்னா, வரலைன்னு சொல்லிடுவேன்."

மறுநாள் காலை ஓட்டத்தில் மேனேஜருக்கு இடமில்லை, மச்சானுக்கும் விடுமுறை. பெட்ரோல் பங்க் திருப்பத்தில், டயருக்குக் காற்றடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில், அவர் தம் வாழ்க்கையிலேயே மிக நல்ல பேச்சைப் பேசினார்.

"நீ போ. பாப்பாவை நான் பாத்துக்கறேன். எனக்குத் தலை பின்னத் தெரியாது, கத்துக்கறேன். எனக்காக நீ எவ்வளவோ விட்டுக்குடுத்திருக்கே. நான் கவனிக்காம இல்லை. சொல்லத்தான் வரலை."

கண் கலங்கிவிட்டது. வியர்வை என்று துடைத்துக்கொண்டார். அவரைக் கேலி செய்யத்தான் நான் எழுத உட்கார்ந்தேன், ஆனால் இந்த இடத்தில் என்னால் முடியவில்லை. அந்தப் பேச்சில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

வீட்டுக்கு வந்தார். சமையலறை வாசலில் மனைவி போனைக் கையில் வைத்துக்கொண்டு, இவர் முகத்தையே பார்த்தபடி நின்றார். இவருக்கோ பாரம் இறங்கிய நிம்மதி. ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டு, "இன்னைக்கு முட்டி வலியே இல்லை" என்று அறிவித்துக் குளிக்கப் போய்விட்டார். மௌனம் சம்மதம் என்று பெரியவர்கள் சொல்லிவைத்திருக்கிறார்கள். முட்டிக்கு என்ன அர்த்தம் என்று அவர்கள் சொல்லவில்லை.

சாயங்காலம் ஒரு பெரிய சீப்பும் இரண்டு ரிப்பனும் வாங்கிக்கொண்டு உற்சாகமாகத் திரும்பினார்.

"எப்பப் புறப்படணும்?"

"எங்க?"

"புது வேலைக்கு."

"வரலைன்னு காலையிலேயே சொல்லிட்டேனே. வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டாங்க."

"நான்தான் உன்னைப் போகச் சொன்னேனே?"

"எப்ப சொன்னீங்க?"

அவருக்கு இடம்கூடத் துல்லியமாக நினைவிருந்தது. அதைச் சொல்லவா முடியும்? சீப்பின் பல்லை விரலால் நெருடிக்கொண்டு நின்றார்.

"வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்?" என்றார் மனைவி. குரலில் கோபம்கூட இல்லை. "போன்னு ஒரு வார்த்தைங்க. அதுக்காக ராத்திரியெல்லாம் முழிச்சிருந்தேன்."

சொல்லிவிட்டு உள்ளே போய், மடித்து வைத்த துணியையே மறுபடியும் எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

மறுநாள் நம்மவர் வழக்கத்தைவிட நேரத்தோடு கிளம்பினார். மன்னிப்புக் கேட்க வேண்டாமா? பூங்கா வேலியில் தொடங்கினார். எந்தப் புருஷனும் எந்த மனைவியிடமும் அப்படி மனம் விட்டுக் கேட்டிருக்க மாட்டான். பெட்ரோல் பங்க் திருப்பத்தில் மனைவி மன்னித்தும்விட்டார். லேசான மனசோடு வீட்டுக்கு வந்து, ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தார்.

சிரிக்கிறீர்கள். நமக்குத்தான் ஓடுகிற பழக்கமே இல்லையே என்ற தைரியம். குளிக்கும்போது? பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால்? அவ்வளவு தூரம் போவானேன், இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே, அடுத்த அறையில் இருக்கிறவரிடம் சொல்ல வேண்டிய ஒன்றை மனசுக்குள் சொல்லி முடித்துவிட்டீர்கள்தானே? ரொம்ப நன்றாகச் சொன்னீர்கள். அவர் காதில்தான் விழவில்லை.