பதினைந்து பிள்ளைகள்

டோரதி மூன்றாவது முறையாக எண்ணினாள். ஒன்பதுதான் வந்தது.

"லட்சுமம்மா, பதினஞ்சுக்குக் குறைஞ்சா சென்டரை மூடிடுவாங்க. பத்தரைக்கு ஆபீசர் வந்துடுவாரு. மத்த ஆறும் எங்கே?"

"காய்ச்சல் டீச்சரம்மா. தெரு பூரா காய்ச்சல்," என்றாள் ஆயா லட்சுமம்மா.

டோரதி கடிகாரத்தைப் பார்த்தாள். போன வருஷம் நீலசந்திரா பகுதியின் இந்த அங்கன்வாடி ஒரு மாதம் பூட்டிக் கிடந்தது. சித்தாள் வேலை செய்யும் மமதா, வேறு வழியில்லாமல் மகன் முகேஷையும் கட்டட வேலைக்குக் கூட்டிப் போனாள். பையன் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்துவிட்டான். யாரோ முடியைப் பிடித்துத் தூக்கியதால் பிழைத்தான். இதோ, பாயில் உட்கார்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருக்கிறான். மறுபடியும் பூட்டினால்?

"ஒரு நிமிசம் இருங்க," என்று லட்சுமம்மா வெளியே ஓடினாள். அடுத்த தெரு இங்கிலீஷ் நர்சரியில் அவள் தங்கைதான் ஆயா. திரும்பி வரும்போது கூடவே ஆறு பிள்ளைகள். ஆறு பேருக்கும் டை, ஷூ, வெள்ளை சாக்ஸ்.

"ஐயோ, யாரு பெத்த பிள்ளைங்க இது? போலீஸ் கேஸ் ஆயிடும்!"

"அரை மணி நேரந்தானே. ஓனரம்மா சிவாஜிநகர் போயிருக்கு. பேகா பேகா, சீக்கிரம் டையைக் கழட்டுங்க!"

டையைத் தொட்டதும் ஒரு பையன் "மை டை!" என்று அலறினான். அவனைப் பார்த்து மற்ற ஐவரும் அலறினார்கள். அவர்களை அடக்க லட்சுமம்மா ஆளுக்கொரு அவித்த முட்டையைக் கொடுத்தாள். அன்றைக்கு அவித்த ஒன்பது முட்டையில் ஆறு போய் மிச்சம் மூன்று. இப்போது சென்டரின் சொந்தப் பிள்ளைகள் ஒன்பது பேரும் அழுதார்கள்.

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. டோரதி டைகளை ரவா டப்பாவுக்குள் அமுக்கினாள்.

"பிள்ளைங்களே வராத சென்டருக்கு அரசாங்கம் ஏம்மா செலவு பண்ணணும்?" ஆபீசர் சாமிநாதன் உள்ளே வரும்போதே ஆரம்பித்துவிட்டார். "எல்லாரும் பிரைவேட்டுக்கு ஓடுறாங்க. நீங்க ஒழுங்கா நடத்துனா ஏன் ஓடப்போறாங்க?"

டோரதி ரவா டப்பாவின் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

அவர் பேனாவை நீட்டி எண்ணினார். பன்னிரண்டு, பதிமூன்று... பதினான்காவதாக, முதுகைக் காட்டி முட்டை தின்றுகொண்டிருந்த ஒரு சிறுமி. அவள் மெல்லத் திரும்பினாள். பேனா அந்தரத்தில் நின்றது.

சாக்ஸைப் பார்த்துவிட்டார். டோரதி கண்களை இறுக மூடிக்கொண்டாள். வேலை போயிற்று. சென்டரும் போயிற்று.

"ப... பதினஞ்சு. எல்லாம் சரியா இருக்கு."

கண்ணைத் திறந்தாள். சாமிநாதனின் நெற்றியெல்லாம் வியர்வை. ரிஜிஸ்டரில் அவசரமாகக் கையெழுத்துப் போட்டார். டீ வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, யாரையும் பார்க்காமல் வாசலுக்கு விரைந்தார்.

வாயெல்லாம் மஞ்சள் கருவோடு அந்தச் சிறுமி எழுந்து நின்று கத்தினாள்:

"டாடி, என்னை இந்த ஸ்கூல்லயே சேர்த்து விடு!"