முதல் பந்தியும் கொஞ்சம் எச்சிலும்

"கூடப்பிறந்த நாயோட எச்சிலுமா?" ஜெயசிங் தலையில் கை வைத்தார்.

அவர் வளர்க்கும் டிங்குவின் ஈறில் கறுப்புக் கட்டி. மெலனோமா என்னும் புற்று. நாய்க்கும் மனிதனுக்கும் இது ஏறக்குறைய ஒரே மாதிரி வருகிறதாம். நாயின் மரபணுவில் காரணம் அகப்பட்டால் மனிதனுக்கும் ஒரு வழி பிறக்குமாம். ஆராய்ச்சியில் சேர்த்தால் டிங்குவுக்குப் புது மருந்து கிடைக்கும்.

"ஒரே ஈத்துல பிறந்த ரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்கணும் அங்கிள். இந்தப் பஞ்சுக்குச்சியால கன்னத்துக்கு உள்ள தேச்சு எடுத்தாப் போதும்," என்றாள் ஆராய்ச்சி மாணவி நந்தனா.

போதுமாம்! டிங்குவின் தங்கை பிங்கி இருப்பது தம்பி சுயம்புராஜ் வீட்டில். ஜெயசிங்கின் மகள் கல்யாணத்தில் தன்னை முதல் பந்தியில் உட்காரவைக்கவில்லை என்று எழுந்துபோனவன், அதோடு பேச்சையும் நிறுத்திவிட்டான். ஜெயசிங்கின் மனைவி அன்னக்கிளி இறந்தபோதுகூட வாசலில் நின்று அழுதுவிட்டுத் திரும்பிப்போனான். அவள் பால்புட்டியில் வளர்த்த டிங்குதான் இப்போது ஜெயசிங்குக்கு வீட்டில் துணை.

தம்பி தோவாளைச் சந்தைக்குப் போன நேரம் பார்த்து, அவன் வீட்டு மதில்மேல் எம்பி, பழம்பொரியைக் காட்டினார். பிங்கி வாயைத் திறந்தது. பழம்பொரியைத் தின்று, குச்சியைக் கடித்து நொறுக்கித் துப்பியது.

"ஏட்டி பிங்கி, மதில்ல தொங்குகது கள்ளனா, உனக்க பெரியப்பனா?" பின்னால் சுயம்புராஜின் குரல்.

அண்ணனிடம் பேசமாட்டான்; நாயிடம் பேசுவான். ஜெயசிங்கும் நாயைப் பார்த்தே சொன்னார்: "மக்கா பிங்கி, உனக்க அண்ணனுக்கு வாயில கெட்ட கட்டி. ஆராய்ச்சிக்கு உனக்க எச்சில் கொஞ்சம் வேணும்னு உனக்க அப்பன்கிட்டச் சொல்லு."

சுயம்புராஜ் பிங்கியின் காதைத் தடவினான். "தரலாம்னு சொல்லுட்டி. அதுக்கு முன்னால எனக்கு முதல் பந்தியில இலை போடணும்."

"கல்யாணம் முடிஞ்சு அவளுக்குப் பிள்ளையும் ஆச்சுன்னு சொல்லு!"

"அதனால இலைக்கு என்ன கேடுன்னு கேளு."

மறுநாள் ஜெயசிங் தானே சமைத்தார். பருப்பு அடிபிடித்தது. அவியலில் உப்பு கூடிப்போனது. ஒற்றை இலைக்கு ஒரு பந்தி. சுயம்புராஜ் பிங்கியோடு வந்து சப்பணமிட்டான்.

"பிங்கி, பருப்புக்கு நெய் விடல்லன்னு சொல்லு."

விட்டார்.

"பப்படம் நமுத்துப் போச்சுன்னு சொல்லு."

பல்லைக் கடித்துக்கொண்டு வேறு பப்படம் பொரித்துவந்து பார்த்தால், பிங்கி இலையோரம் அடைப்பிரதமன் பாயசத்தை நக்கிக்கொண்டிருந்தது. வாயில் தீனி ஒட்டியிருந்தால் எச்சில் உதவாது என்று நந்தனா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

"லேய், கெடுத்தியே பாவி!" வருஷக்கணக்கில் முதன்முறையாகத் தம்பியை நேரே பார்த்துக் கத்தினார்.

"அதுக்க வாய் சுத்தமாகட்டு. அதுவரைக்கும் நான் செத்த படுக்குதேன்," என்று தம்பியும் நேரே பதில் சொல்லிவிட்டு, அன்னக்கிளியின் படத்துக்குக் கீழே பாய் விரித்துக் குறட்டை விட்டான்.

சாயங்காலம் சுயம்புராஜே பிங்கியைத் திருப்பிப் பிடித்துத் தேய்த்துக்கொடுக்க, ஒருவழியாகக் குச்சியில் எச்சில் ஏறியது. மறுநாள் இரண்டு குச்சிகளையும் கொண்டுபோனபோது நந்தனா இல்லை. ஆய்வக உதவியாளர் பிரீனா பெயர்களைப் படித்ததும் சிரித்துவிட்டாள்.

"பிங்கிக்கும் இதே கட்டிதானே அங்கிள்; டிங்குவோட எச்சில் கொண்டுவாங்கன்னு சொன்னதுக்கு, 'அண்ணன்கிட்ட எந்த மூஞ்சியோட கேப்பேன்'னு ஒரு மாசமா அழுதுட்டு நடந்த உங்க தம்பி, நேத்து போன் பண்ணி, 'அண்ணனே கொண்டுட்டு வாறான், எனக்குச் சோறும் போட்டான்'னு சொன்னாரு!"